அய்னும் மன்ஃபஅத்தும்: முதுமைக்காக எழுதி வைத்தலின் வரலாறு



அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நிலத்தின் மதிப்பு நம் கண்முன்னே மாறிவிட்டது. ரெட்டிபாளையத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலையும் வந்தன. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் உழைப்பு, ஊரில் மாடி வீடுகளாகவும் மனைகளாகவும் நிலைபெற்றது. அவற்றை ஈட்டியவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள். பிள்ளைகளோ சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

இச்சூழலில் மதரஸா ஆசிரியர்களாகிய நம்மிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. “வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதி வைத்துவிடலாமா ஹஜ்ரத்?” என்பது முதலாவது. “எழுதி வைத்துவிட்டேன், இப்போது மருந்துக்கும் அவர்களிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது, என்ன செய்வது?” என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர், சில ஆண்டுகளுக்கு முன் முதல் கேள்வியை எவரிடமும் கேளாமலே சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றவராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

இக்கேள்விகளுக்கான விடை நம் சட்ட மரபில் பன்னூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதை ஒரு வேறுபாட்டில் அடக்கிவிடலாம். பொருளின் மூலம் வேறு, அதன் பயன் வேறு. ஃபிக்ஹு நூல்கள் முதலாவதை ‘அய்ன்’ என்றும் இரண்டாவதை ‘மன்ஃபஅத்’ என்றும் அழைக்கின்றன. நம் பகுதியின் முந்திரித் தோப்பை எடுத்துக்கொள்வோம். நிலமும் மரங்களும் அய்ன். ஆண்டுதோறும் கொட்டை விற்று வரும் காசு மன்ஃபஅத். முதியவரையும் மாற்றுத்திறனாளியையும் காப்பது இந்த மன்ஃபஅத்தே. அய்னைக் கொடுக்கும் நாளில் மன்ஃபஅத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதே நம் ஊர்களில் நேரும் துன்பத்தின் தொடக்கம். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, இடையில் எவ்வாறு பறிபோனது, எவ்வாறு மீட்கப்பட்டது என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அடித்தளம்

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடனை எழுதி வைக்குமாறு ஏவுவது அது. கடன் வாங்கியவர் அறிவு முதிராதவராகவோ, பலவீனராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய வலீ நீதியுடன் சொல்லட்டும் என்றும் அவ்வசனம் வழிகாட்டுகிறது. எழுத்து, சாட்சி, இயலாதவருக்குப் பொறுப்பாளர் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் அல்லாஹ் சேர்த்து வைத்திருக்கிறான்.

அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம், செல்வத்தை ஆளும் அறிவில்லாதவர் கையில் அதை ஒப்படைத்துவிட வேண்டாம் என்றும், அதில் அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து அழகிய சொல் கூறும்படியும் பணிக்கிறது. இங்கே ‘மின்ஹா’ என்று வராமல் ‘ஃபீஹா’ என்று வந்திருப்பதை இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) சுட்டிக்காட்டுகிறார்கள். முதலை எடுத்துத் தின்னக் கொடுக்காமல், அதை வணிகத்தில் இட்டு வரும் பெருக்கத்திலிருந்து அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அய்ன், மன்ஃபஅத் வேறுபாட்டின் வேர் இங்கேயே இருக்கிறது.

ஸுன்னாவில் இதற்குச் செயல்வடிவம் தந்தது உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம். தமக்குக் கிடைத்தவற்றுள் மிகச் சிறந்த அந்த நிலத்தை என்ன செய்வதென்று அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மமாக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலத்தை விற்கவோ, ஹிபாவாகக் கொடுக்கவோ, வாரிசுகள் பங்கிடவோ கூடாது என்றாயிற்று. விளைச்சலில் ஏழைகளோடு நெருங்கிய உறவினருக்கும் பங்கு இருந்தது. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம் என்றும் விதிக்கப்பட்டது. பின்னர் எழுதப்பட்ட ஆவணத்தில், தமக்குப் பின் பொறுப்பாளராக மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களை உமர் (ரலி) நியமித்தார்கள். சொத்துப் பொறுப்பைப் பெண்ணிடம் ஒப்படைக்கத் தயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் இரு நிகழ்ச்சிகளும் எல்லைக்கோடுகளாக நிற்கின்றன. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு வஸிய்யத்தின் உச்ச அளவு மூன்றில் ஒரு பங்கு என்று வரையறுக்கப்பட்டது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துச் சாட்சிக்கு அழைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதற்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள்.

செலவை யார் ஏற்றார்கள்?

முதுமைச் செலவு குடும்பத்தின் கடமை மட்டும்தான் என்று முற்கால முஸ்லிம் அரசுகள் கருதவில்லை. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இரண்டு செய்திகளைப் பதிவு செய்கிறார்கள். ஹீரா நகர மக்களுடன் காலித் இப்னு வலீத் (ரலி) செய்துகொண்ட உடன்படிக்கையில், உழைக்க இயலாத முதியவரும் நோய்ப்பட்டவரும் ஜிஸ்யாவிலிருந்து விலக்கப்பட்டுப் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்று எழுதப்பட்டது. உமர் (ரலி) அவர்கள், யாசித்து நின்ற பார்வையற்ற யூத முதியவர் ஒருவருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை அளிக்கச் செய்தார்கள்.

ஹிஜ்ரி 683இல் (1284) கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை வக்ஃபினால் நடந்தது. கட்டடம் அய்ன் என்றால், அதன் பெயரால் ஒதுக்கப்பட்ட சொத்துகளின் வருவாய் மன்ஃபஅத். மருந்தும் உணவும் பணியாளர் ஊதியமும் அவ்வருவாயிலிருந்து வந்தன. தலைமுறைகள் கடந்தும் நோயாளிக்குக் கட்டில் இருந்ததற்குக் காரணம், மூலத்தில் எவரும் கை வைக்கக் கூடாது என்ற விதிதான்.

குடும்பத்துக்குள் ஹனஃபி மத்ஹபின் ஒழுங்கு தெளிவானது. பெற்றோருக்குச் சொந்தப் பொருள் இருந்தால் செலவு முதலில் அதிலிருந்தே. அவர்கள் வறியவர்களாயின் வசதியுள்ள பிள்ளைகள் மீது நஃபகா கடமையாகிறது. மத்ஹபின் வெளிப்படையான அறிவிப்பின்படி இக்கடமையில் மகனும் மகளும் சமம். ஆக, பெற்றோரின் முதல் அரண் அவர்களுடைய சொந்தப் பொருளே. அதைப் பிள்ளைகளிடம் முழுதும் கொடுத்துவிட்டுப் பிறகு அவர்களிடமே நஃபகா கோரி நிற்பது, தானே இடித்த சுவருக்குப் பின்னால் ஒதுங்க நினைப்பது போன்றது.

கொடுத்த பின் திரும்புமா?

ஹிபா நிறைவேற மூன்று வேண்டும். கொடுப்பதாகச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றல், பொருளைக் கைவசம் ஒப்படைத்தல். ஒப்படைத்த பின் அதைத் திரும்பப் பெறலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. தந்தை பிள்ளைக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. மகன், மகள் போன்ற மஹ்ரமான இரத்த உறவினருக்கு ஒப்படைத்த ஹிபாவைத் திரும்பப் பெற முடியாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப் வேரூன்றியிருக்க, நம்மைப் போன்ற உள்நாட்டு மாவட்டங்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். எனவே இங்கே ஒரு தந்தை மகனுக்கு ஹிபா செய்வது, பாலத்தைக் கடந்தபின் பாலமே இல்லாமல் போவதற்கு ஒப்பாகும். ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்று நிபந்தனை இட்டாலும், ஹிபா செல்லும், நிபந்தனை வீழ்ந்துவிடும் என்பதே ஹனஃபி சட்டத்தின் பொது விதி.

காலமும் இதில் முக்கியம். மரளுல் மவ்த் எனப்படும் மரண நோயில் கொடுக்கப்படும் ஹிபா, வஸிய்யத்தைப் போலவே மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். வாரிசுக்குக் கொடுத்திருந்தால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவை. ஆயினும் பக்கவாதம் போன்ற நீண்ட நோய்க்கு ஃபுகஹாக்கள் தனி விதி வகுத்தார்கள். நோய் ஓராண்டுக்கு மேல் நீண்டு, கூடாமல் ஒரே நிலையில் நின்றால் அந்நோயாளி சட்டத்தில் நலமுள்ளவராகவே கருதப்படுவார். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த ‘முஜல்லா’ சட்டத்தொகுப்பிலும் இது இடம்பெற்றது. பல ஆண்டுகள் கட்டிலில் இருப்பவருக்கும் தம் பொருள்மீது முழு உரிமை உண்டு, அறிவு தெளிவாக இருக்கும்வரை அவர் சொல்லே சொல் என்பது இதன் உட்பொருள்.

பறிபோனதும் மீண்டதும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்மரபு நீதிமன்றங்களின் கைக்கு வந்தது. 1867இல் லண்டன் பிரிவி கவுன்சில், நவாப் அம்ஜத் அலீ கான் வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பை அளித்தது. தந்தை தம் அரசுக் கடன் பத்திரங்களை மகனுக்கு ஹிபாவாக ஒப்படைத்து, தாம் வாழும்வரை வட்டி வருவாய் தமக்கே வர வேண்டும் என்று வைத்துக்கொண்டார். வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறம் இருக்க, இங்கே கவனிக்க வேண்டியது சட்டத்தின் வடிவம். மூலம் முழுதாக மகனைச் சேர்ந்தது, பயன் மட்டும் தந்தைக்கு ஒதுக்கப்பட்டது, ஆகவே ஹிபாவும் செல்லும், ஒதுக்கீடும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1948இல் நவாஸிஷ் அலீ கான் வழக்கிலும், அய்னையும் மன்ஃபஅத்தையும் முஸ்லிம் சட்டம் தனித்தனியே காண்கிறது என்று பிரிவி கவுன்சில் விளக்கியது.

ஆனால் வக்ஃபு விஷயத்தில் அதே மன்றம் எதிர்த்திசையில் சென்றது. குடும்பத்தாரின் பராமரிப்புக்காகச் செய்யப்படும் ‘வக்ஃப் அலல் அவ்லாத்’ நம் சமூகத்தில் நெடுங்காலம் வழக்கிலிருந்த ஏற்பாடு. 1892இல் கல்கத்தா உயர்நீதிமன்ற முழு அமர்வு இதை மறுத்தபோது நீதிபதி ஸையித் அமீர் அலீ தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1894இல் அபுல் ஃபத்தாஹ் முஹம்மது இஸ்ஹாக் வழக்கில் பிரிவி கவுன்சில் இறுதி அடியை வைத்தது. சகோதரர் இருவர் தம் சந்ததியாருக்காகவும், சந்ததி அற்றுப்போனால் விதவைகள், அநாதைகள், ஏழைகளுக்காகவும் வக்ஃபு செய்திருந்தனர். ஏழைகளுக்கான பயன் எட்டாத தொலைவில் இருக்கிறது, வெறும் தோற்றமே என்று கூறி அதைச் செல்லாது என்றனர். தன் குடும்பத்தாருக்குச் செலவிடுவதும் ஸதகாதான் என்னும் இஸ்லாமியக் கருத்து அவர்களுக்கு எட்டவில்லை.

இத்தீர்ப்பு நாடெங்கும் முஸ்லிம்களைக் கலங்கச் செய்தது. மௌலானா ஷிப்லீ நுஃமானீ உலமாக்களின் கருத்தைத் திரட்டப் பாடுபட்டார். 1911இல் முஹம்மது அலீ ஜின்னா இம்பீரியல் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1913இல் அது முசல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாயிற்று. குடும்பத்தார், பிள்ளைகள், சந்ததியார் பராமரிப்புக்காக வக்ஃபு செய்யலாம் என்று அது அறிவித்தது. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான அறப்பணிக்கோ செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவில் நம் பேச்சுக்கு நேரடியான ஒரு வரி இருந்தது. வக்ஃபு செய்பவர் ஹனஃபியாக இருந்தால், சொத்தின் வருவாயிலிருந்து தம் வாழ்நாள் முழுதும் தம்மையே பராமரித்துக்கொள்ளவும் தம் கடன்களைத் தீர்க்கவும் ஒதுக்கி வைக்கலாம் என்பதே அது.

ஹனஃபிக்கு மட்டும் ஏன்? தம் சொந்தப் பயனை ஒதுக்கி வக்ஃபு செய்வது கூடும் என்பது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இமாம் முஹம்மது (ரஹ்) மாறுபட்டார்கள், ஷாஃபிஈ மத்ஹபும் ஏற்கவில்லை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் நிகழ்ந்த ஒரு ஃபிக்ஹு ஆய்வு, இந்தியச் சட்டத்தின் ஒரு வரியாக வந்து நின்றது. 1913க்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கும் பாதுகாப்பு வேண்டியிருந்ததால் 1930இல் இன்னொரு சட்டம் அவற்றையும் உள்ளடக்கியது.

இன்று வக்ஃபு விதிகள் மேலும் இறுகியுள்ளன. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி எழுத்து ஆவணமின்றிப் புதிய வக்ஃபு உருவாகாது. வக்ஃப் அலல் அவ்லாத் என்ற பெயரால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் பங்கைப் பறிக்கவும் முடியாது. வாரிசுகளை விலக்கும் நோக்கோடு வக்ஃபு செய்வதை நம் உலமாக்களும் ஒருபோதும் அழகானதாகக் கண்டதில்லை.

தாயும் இயலாத பிள்ளையும்

1909இல் பிரிவி கவுன்சிலில் இடம்பெற்ற முதல் இந்தியரான அமீர் அலீ, 1918இல் இமாம்பந்தீ வழக்கில் தீர்ப்பெழுதினார். தந்தையை இழந்த சிறு பிள்ளைகளின் சொத்தைத் தாய் விற்றது செல்லாது என்பது தீர்ப்பு. பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. சொத்தின் வலீயோ தந்தை, அவர் நியமித்த வஸீ, தந்தையின் தந்தை, அவர் நியமித்த வஸீ என்ற வரிசையில் வருபவர். ஆனால் அதே சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. தந்தை தம் வஸிய்யத்தில் தாயையே வஸீயாக நியமிக்கலாம். ஒரு தாளில் இரண்டு வரி எழுதத் தவறியதால் எத்தனையோ தாய்மார்கள் நீதிமன்ற வாசலில் காத்திருக்கிறார்கள்.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை பருவமடைந்தாலும் தந்தையின் பொறுப்பு தொடரும் என்பது ஹனஃபி ஃபிக்ஹு. நாட்டின் சட்டத்திலோ 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் நிலை முடிந்துவிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வக் காப்பாளர் ஆணையைப் பெறலாம். தமக்குப் பின் யார் என்பதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சிந்திக்க வேண்டும்.

பிள்ளைகளிடையே சமநீதி பேணுவது கடமையாயிற்றே, இயலாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? தேவை, நாட்பட்ட ஊனம், பார்வையின்மை போன்ற காரணங்களுக்காக ஒரு பிள்ளைக்கு அதிகம் ஒதுக்குவது கூடும் என்று இமாம் இப்னு குதாமா (ரஹ்) ‘அல்முக்னீ’யில் எடுத்துரைக்கிறார்கள். வாழும்போது, மற்றப் பிள்ளைகளை அமர்த்திக் காரணத்தைச் சொல்லி, அவர்கள் மனமறியச் செய்வதே சிறந்தது. மௌத்துக்குப் பின் பாகப்பிரிவினையில் ‘அவனுக்கு என்ன தெரியும்’ என்று அப்பிள்ளையின் பங்கை மற்றவர்கள் எழுதி வாங்கிக்கொள்ளும் கொடுமைக்கு அதுவே தடுப்பு.

2007ஆம் ஆண்டுச் சட்டம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் நிறைவேறியது. தமிழ்நாட்டில் 2009இல் விதிகள் வகுக்கப்பட்டன. மதம் பாராமல் எல்லாருக்கும் பொருந்தும் இச்சட்டத்தில் 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரி தீர்ப்பாயத்துக்குத் தலைவர். மாதப் பராமரிப்புத் தொகைக்கு 10,000 ரூபாய் உச்ச வரம்பு. முழு நேரப் பணியாளரும் பிசியோதெரபியும் தேவைப்படும் படுக்கை நோயாளிக்கு இத்தொகை போதாது என்பது குடும்பம் நடத்தும் எவருக்கும் தெரியும்.

அதனால் அச்சட்டத்தின் 23ஆம் பிரிவுதான் நமக்கு அதிக முக்கியம். அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதை மீறினால், அக்கொடை மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெற்றதாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதை ரத்து செய்யலாம். ஃபிக்ஹில் வீழ்ந்துவிடும் என்று கண்ட நிபந்தனைக்கு இங்கே நாட்டுச் சட்டம் உயிர் கொடுக்கிறது.

ஆனால் நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் நோக்கம் முதியோரைக் காப்பதே, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே வழக்காடி அலைவதைவிடப் பத்திரத்திலேயே அந்த வரியை எழுதிவிடுவது எளிது.

என்ன செய்யலாம்?

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, அவசரமில்லையெனில் வீட்டைத் தம் பெயரிலேயே வைத்திருப்பது. அல்லாஹ் வகுத்த ஃபராயிள் பங்கீடு பிள்ளைகளுக்கு எப்படியும் வந்து சேரும். கணவன், மனைவி இருவரில் எஞ்சி நிற்பவர் அந்தப் பங்கீட்டுக்குப் பின் எங்கே குடியிருப்பார் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அய்னை மட்டும் கொடுப்பது. ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை, வாடகையும் விளைச்சலும் தமக்கே என்ற ஒதுக்கீடு, பராமரிப்பு நிபந்தனை ஆகிய மூன்றையும் செட்டில்மெண்ட் பத்திரத்தில் தெளிவாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். எழுத்தில் இருக்கும் ஹிபாவும் பதிவின்றிச் செல்லும் என்று 2011இல் உச்சநீதிமன்றம் ஹஃபீஸா பீபீ வழக்கில் கூறியது உண்மைதான். ஆயினும் பட்டாவும் பாதுகாப்பும் வேண்டுவோர் பதிவை விடக்கூடாது. வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடமும் ஓர் ஆலிமிடமும் காட்டிய பிறகே கையொப்பமிட வேண்டும்.

மூன்றாவது, அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பியிராதிருப்பது. எழுதிக் கொடுத்தவர் சித்தம் இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அப்பத்திரம் முடிவுக்கு வருகிறது. ஃபிக்ஹிலும் நீடித்த சித்தக் குறைவு வகாலத்தை முடித்துவிடும். மறதி நோய் முற்றிய பிறகு வங்கியிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கவும் நீதிமன்றம் செல்ல நேரலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கு, கடன்கள், அமானிதங்கள் யாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும்.

நான்காவது, வஸிய்யத்தை எழுதுவது. சிறு பிள்ளைகளுக்கு வஸீ யார், வாரிசல்லாத பணியாளருக்கோ ஏழை உறவினருக்கோ மூன்றில் ஒரு பங்குக்குள் என்ன என்பவை அதில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அத்தாவும் அம்மாவும் பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதினால் அதை அவநம்பிக்கையாக எண்ணாதீர்கள். ஒரு நபித்தோழர் தம் மகள் மீது நம்பிக்கை வைத்தே பொறுப்பை எழுதினார், நம்பிக்கை இருந்தும் எழுதினார். நேர்மையாக நடக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்த நிபந்தனையால் ஒரு சுமையும் கூடப்போவதில்லை.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்குக் கண்ணியமான முதுமையையும், நமக்கு அவர்களின் துஆவையும், இயலாத பிள்ளைகளுக்கு நம்பத்தகுந்த கைகளையும் தந்தருள்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.